தாய்ப் பன்றிக்குக் கொழுப்புணவு
தாயிழந்த பன்னிரு பன்றிக் குருளைகட்கு இறைவனே தாய்ப் பன்றியாகிப் பாலூட்டியதைப் பரஞ்சோதி முனிவர் பாடியுள்ளார். பாலின்றேல் குருளை பிழையாது; இன்றைய கால்நடை நூலுங் கூறுவது அதுவே. காரணம் யாது?

பிறந்த மனிதக் குழந்தையின் உடலில் 100-க்கு 12 பங்களவு கொழுப்புண்டு. பன்றிக் குட்டிக்கோ 2 பங்கு இருந்தால் மிகுதி. சேமித்த மாச்சத்தும் ஏறத்தாழ ஒரு நாளில் தீரும். குளிரிற் சோர்ந்த குட்டி தாயின் உடலடியில் நசுங்கி மடியும்.

ஆகவே ஈனுவதற்குச் சில நாள் முன்பிருந்தே தாயின் தீனியில் எண்ணெயோ கொழுப்போ கலப்பர். அது கருப்பையிலுள்ள குட்டிக்குச் சேர்வது சிறிதே. சீம்பாலிலும் பாலிலுந்தான் கொழுப்பு மிகும். 1981-இல் பெட்டிக்ரூ என்பார் முந்தைய சோதனைகளைத் தொகுத்து ஆய்ந்தார். ஈனுமுன் தாய் 1 கிலோவுக்கு மேல் கொழுப்பு உண்டிருத்தல் வேண்டும். 100 குட்டிகளில் 80 கூடப் பிழைக்காத பண்ணைகளிலேயே பயன் தெளிவு என்பது அவர் முடிபு. குட்டிகள் நன்கு பிழைக்கும் பண்ணையில் இதற்குப் பணம் இறைப்பானேன்?

வெப்ப நாட்டில் மட்டும் வேறொரு நயமுண்டு. வெக்கையில் தாய் குறைவாகவே தின்னும். கொழுப்போ மாச்சத்தினும் இருமடங்குக்கு மேல் ஆற்றல் தரும். செரிக்கையில் எழும் உடற்சூடுங் குறைவு. எனினும் அவ்வெக்கையே கலந்த தீனியை விரைவிற் சிக்கு வாடை பற்றச் செய்யும். பிறகு பன்றியும் அதை விரும்பாது.