வாட்டமும் பாடமும்

ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் எங்கள் தெருவுக்குள் திரும்பினால், மேப்பிள் சருகின் மணத்தோடு இன்னொரு மணமும் வரும். எலுமிச்சந்தோலும் மரப்பிசினும் கலந்து, அடியில் கொஞ்சம் நாற்றமும் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அறுவடையை முடித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். நான்கே நான்கு செடி. கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17இல் நடைமுறைக்கு வந்தபோது ஒரு வீட்டுக்கு அனுமதித்த கணக்கு அது. வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் நான்குதான்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இதே நான்கு செடியை வளர்த்தால் சிறைதான். நான் சொல்வது ஒன்ராறியோவின் கதை. நான் புகைப்பதில்லை, அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லது என்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனால், இலையை உலர்த்திப் பாடம் போடுகிற வீட்டில் பிறந்தவன். அந்த வேலை எங்கே நடந்தாலும் என் கால் தானாக நின்றுவிடும்.

ஐயா வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை செய்தவர். வெட்டிய இலையை முதலில் வாடவிட வேண்டும். பிறகு கிடுகால் வேய்ந்த குடிலுக்குள் தூக்கிக் கட்டி, கீழே தேங்காய்ப் பொச்சை மூட்டிப் புகை போடுவார்கள். நெருப்பு எழும்பக்கூடாது, புகை மட்டும் ஏறவேண்டும். அதற்குப் பிறகுதான் அடுக்கிப் பாரம் வைத்துப் பாடம் போடுவது. வெயில் ஏறினபின் காய்ந்த இலையைத் தொட்டால் அப்பளம்போல நொறுங்கும். அதனால் பனியின் ஈரம் இலையில் இருக்கும் விடியப்புறத்திலேயே எங்களை எழுப்பிவிடுவார். கண் எரியும், கை ஒட்டும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிற பெடியன் மூக்கைச் சுளிப்பான்.

வாட்டம் வேறு, பாடம் வேறு என்று அப்போதே படித்துவிட்டேன். வாட்டம் என்பது தண்ணீர் போவது. பாடம் என்பது தண்ணீர் போனபின் உள்ளே மிஞ்சியிருப்பது மெல்ல மெல்ல மாறுவது. கஞ்சாப் பூவுக்கும் இதேதான். செடியிலிருந்து வெட்டும்போது அதன் எடையில் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். உலர்ந்து முடிந்தபின் பத்து, பன்னிரண்டு விழுக்காடுதான் நிற்கும். அந்தத் தண்ணீர் வேகமாகப் போனால் பச்சையம் அப்படியே பூட்டிக்கொள்ளும். புகைத்தால் வெட்டிய புல்லை எரித்ததுபோலக் கரகரக்கும். மணத்தைத் தருகிற டெர்பீன் எண்ணெய்களும் சூட்டோடு பறந்துவிடும். மறுபக்கம், அளவுக்கு மீறித் தாமதித்தால் பூஞ்சணம். தடித்த பூவின் நடுத்தண்டில் சாம்பல் நிறத்தில் தொடங்கி உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியிலிருந்து பார்த்தால் பூ அழகாகத்தான் இருக்கும்.

16 முதல் 20 பாகை செல்சியஸ் குளிர், 60 விழுக்காட்டை ஒட்டிய காற்றீரம், வெளிச்சமில்லாத அறை, மெல்ல நகரும் காற்று, பத்திலிருந்து பதினான்கு நாள். பிறகு கண்ணாடிப் போத்தலில் முக்காலளவு நிரப்பி, முதல் வாரம் தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து மூச்சுவிட வைத்து, அடுத்த வாரங்களில் இடைவெளியைக் கூட்டி, ஒரு மாதம்வரை காத்திருக்க வேண்டும். மொத்தம் ஆறு கிழமை. இந்த ஆறு கிழமைதான் தடை இருந்த காலத்தில் கிடைக்காதது.

என் பக்கத்து வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்கு நரம்புறைகள் சிதைந்து தசைகள் இறுகிக்கொள்ளும் நோய். இரவில் கால் விறைத்து வளைந்துகொள்ளும்போது மாத்திரைகள் கேட்காத வலிக்கு இந்தப் பூ கேட்டது. 90களின் நடுவில் பேஸ்மென்டில் ஓர் அலமாரிக்குள் இரண்டு செடி வைத்தார். வளர்ப்பது கஷ்டமில்லை, உலர்த்துவதுதான் கஷ்டம் என்பார். வளரும் செடியைக் கதவைப் பூட்டி மறைக்கலாம். வெட்டிய செடியின் மணத்தை எதைக்கொண்டு மறைப்பது? வெங்காயம் வதக்குவார்களாம். துணி உலர்த்தும் பொறிக்குள் வாசனைத் தாள்களைப் போட்டுச் சும்மா ஓட்டுவார்களாம். மின்மானி பார்க்க வருகிறவர், எண்ணெய் நிரப்ப வருகிறவர், மகளின் பள்ளித் தோழி என்று யார் மணியடித்தாலும் நெஞ்சு அடிக்கும்.

அதனால் எல்லாமே அவசரம். வீட்டைச் சூடாக்கும் சூளையின் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கவிட்டு மூன்று நாளில் காயவைப்பது. அதற்கும் நேரமில்லாவிட்டால் கடதாசிப் பையில் போட்டு அடுப்பின் இளஞ்சூட்டில் வைப்பது. மைக்ரோவேவில் அரை நிமிடம் அரை நிமிடமாகக் காயவைத்தவர்களையும் அவருக்குத் தெரியும். கிடைப்பது மேலே மொறுமொறுப்பும் உள்ளே பச்சை வாடையுமான ஒன்று. மனைவி இருமி இருமிப் புகைப்பார்.

1998இல் நடந்ததை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அறுவடை முடிந்து நான்காம் நாள், எதிர்வீட்டில் ஏதோ கார் களவுபோன விஷயமாகப் பொலிஸ் வந்து, தெருவில் வீடுவீடாக விசாரித்துக்கொண்டிருந்தது. இவர் அரைகுறையாகக் காய்ந்திருந்த அத்தனையையும் இரண்டு குப்பைப் பைக்குள் அமுக்கி, காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். பொலிஸ் இவர் கதவைத் தட்டி, ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டது. இவருக்குத்தான் பயம் போகவில்லை. மூன்று நாள் கழித்துப் பையை அவிழ்த்தபோது அமோனியா நெடி முகத்தில் அடித்தது. ஈரப் பூவைக் காற்றுப்புகாமல் கட்டிவைத்தால் அப்படித்தான் அழுகும். பிரித்துப் பார்த்தால் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சணம். ஒரு வருஷத்துக்கான வலிமருந்து. அந்தக் குளிர்காலத்து இரவுகளைப் பற்றி அவர் மேலே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பயம் செடியோடு கூடப் பிறந்தது அல்ல. இன்றைக்கு வங்காளதேசத்தில் இருக்கும் நவ்காவ்ன் வட்டாரத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசாங்கத்தின் உரிமத்தோடே கஞ்சா பயிரானது. 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் அங்கே பூவை உலர்த்தும் வேலையை நுணுக்கமாகப் பதிந்து வைத்திருக்கிறது. வெட்டிய செடிகளைக் களத்தில் பரப்பி வெயிலிலும் இரவுப் பனியிலும் கிடத்துவார்கள். பிறகு ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துப் பூவைத் தட்டையாக்குவார்கள். சப்பட்டைக் கஞ்சா என்றும் உருட்டுக் கஞ்சா என்றும் அதற்குத் தனித்தனித் தரமும் இருந்தது. வரி அதிகாரி ஒருபக்கம் கணக்கு எழுதிக்கொண்டிருக்க, வேலை அதன் பாட்டில் நாட்கணக்கில் நடக்கும். 1917இல் அங்கே விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமே எழுந்தது. 1987இல் அரசு பயிரை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது. மிதித்தது பூவுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. பூவின் மேலிருக்கும் மணிபோன்ற பிசின்சுரப்பிகள் அதில் நசுங்கிப்போயிருக்கும். ஆனால் யாரும் யாருக்கும் ஒளியவில்லை.

கனடா 1923இல், பாராளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவுமில்லாமல், கஞ்சாவைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. கட்டு தளர்ந்தது நீதிமன்றத்தின் வழியாக. வலிப்புநோயுள்ள டெரி பார்க்கரின் வழக்கில் 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், நோயாளிக்கு விலக்குத் தராத தடை செல்லாது என்றது. அடுத்த ஆண்டே மருத்துவ அனுமதி விதிகள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் படிவம் வாங்கிவந்தார். குடும்ப மருத்துவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். மனைவி 2016இல் காலமானார். சட்டம் மாறியது அதற்கு இரண்டு ஆண்டு பிந்தி.

இன்று அவர் வளர்ப்பது தன்னுடைய மூட்டுவலிக்கு. அந்த அலமாரியையே உலர்த்தும் அறையாக்கிவிட்டார். கதவில் பூட்டு இல்லை. குறுக்கே நான்கு கம்பி, கம்பியில் தலைகீழாகத் தொங்கும் கிளைகள், மூலையில் சுவரைப் பார்த்துச் சுழலும் சிறிய விசிறி. காற்று பூவின்மேல் நேரே படக்கூடாதாம். தீப்பெட்டியளவு ஈரமானி ஒன்று கிளைகளுக்கு நடுவே தொங்குகிறது. இலையுதிர்காலத்தில் சூளை ஓடத் தொடங்கியதும் வீட்டுக் காற்று வறண்டுவிடும். அப்போது ஒரு வாளித் தண்ணீரில் துவாயை நனைத்துத் தொங்கவிடுகிறார். ஐயா பனிக்காகக் காத்திருந்ததை இவர் பேஸ்மென்டில் உண்டாக்கிக்கொள்கிறார்.

2019 இலையுதிர்காலத்தில் ஐயா எங்களிடம் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். வேலிக்கு மேலால் மணம் வந்ததும், "தம்பி, அங்கை ஆரோ இலை காயப்போடுகினம்" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். தொங்கிய கிளையொன்றைப் பிடித்து மெல்ல வளைத்தார். டப்பென்று முறிந்தது. ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது காய்ஞ்சு போச்சு. இலை எண்டால் மடங்க வேணும், முறியக்கூடாது."

நான் மொழிபெயர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுத்துத் தலையாட்டினார். கிளைதான் முறியவேண்டும், பூ முறியக்கூடாது என்று சொல்லி ஒரு பூவை ஐயாவின் உள்ளங்கையில் வைத்தார். விரலால் அமுக்கினால் அமுங்கி, விட்டதும் பஞ்சுபோல எழும்பியது. கிளை வளைந்தால் தண்டில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, போத்தலில் போட்டால் அந்தத் தண்ணீர் பூவுக்குள் திரும்பி வந்து அழுக வைக்கும். புகையிலையை இலையாகவே காப்பாற்ற வேண்டும், இங்கே காப்பாற்ற வேண்டியது பூவை. ஐயா நெடுநேரம் அந்தப் பூவை அமுக்கிக்கொண்டே நின்றார். ஒரு மாதம் கழித்து, திரும்பிப் போவதற்கு முதல் நாள், தானாகவே கேட்டார்: "அந்த மனிசன்ரை போத்தலை ஒருக்கால் பாக்கேலுமோ?" மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். "பச்சை வாடை போயிட்டுது. பாடம் ஏறியிட்டுது" என்றார்.

அந்தப் போத்தல் இங்கே பழப்பாகும் ஊறுகாயும் அடைக்கிற மேசன் போத்தல். ஜோன் மேசன் 1858இல் காப்புரிமை வாங்கிய திருகுமூடி. அதற்குள் போடுகிற, ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்யும் சின்னப் பொட்டலம் முதலில் சுருட்டுப் பெட்டிகளுக்காக உருவானது என்று சொன்னபோது ஐயாவுக்கு அப்படியொரு சந்தோஷம். போத்தல்களை இருட்டில் வைப்பதற்கும் காரணம் உண்டு. 1976இல் லண்டனில் ஃபேர்பெர்னும் கூட்டாளிகளும் ஆராய்ந்து, சேமிப்பில் கஞ்சாவின் வீரியத்தைக் கெடுப்பதில் வெளிச்சம்தான் முதல், காற்று அடுத்தது என்று காட்டினார்கள்.

கடைகள் வந்துவிட்டனவே, ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஒன்ராறியோவில் முதல் கடைகள் 2019 ஏப்ரல் 1இல் திறந்தன, இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்று என்று சொல்லுமளவுக்கு இருக்கின்றன. சோதித்த பொருள், உறையில் அளவும் நாளும் அச்சிட்டிருக்கும். பூஞ்சணத்தை அழிக்கக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது பெரிய காவல். அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம் அவர்களுடைய நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்து வரும் பூ பலசமயம் உமிபோலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வாங்கி வந்து விரலால் அமுக்கிக் காட்டினார். தூளாகக் கொட்டியது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறொன்றில். ஆறு கிழமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஸ்காபரோவின் உயரக் கட்டிடங்களில் வாடகைக்கு இருப்பவர்களின் ஒப்பந்தங்களில் செடி வளர்க்கக்கூடாது என்று எழுதிவிட முடியும், எழுதியும் இருக்கிறார்கள். கியூபெக்கில் வீட்டுச் செடி இன்றும் தடைதான், 2023இல் உச்சநீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. மானிட்டோபா 2025 மே மாதத்தில்தான் தடையை எடுத்தது. சொந்த வீடு இல்லாதவரின் மூட்டும் அதே மாதிரித்தான் வலிக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் போத்தல் அடைக்கக் கூப்பிட்டிருந்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் மூடிகளை நான்தான் இறுக்கினேன். பதினொரு போத்தல். அடைத்து முடித்ததும் மறைப்பு நாடாவைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒட்டி, கறுப்பு மைப்பேனாவால் எழுதத் தொடங்கினார். வெட்டிய நாள், போத்தலில் இட்ட நாள், எந்தச் செடி. அச்சகக்காரரின் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி பிசகாது. அந்தக் காலத்திலும் இப்படித்தான் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

பேனாவை மூடாமலே நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷம் மனைவிக்காக உலர்த்தினேன், ஒரு போத்தலிலும் ஒரு எழுத்து எழுதினதில்லை, கண்டுபிடித்தால் கையெழுத்தே சாட்சியாகிவிடும் என்று பயம் என்றார். குனிந்து ஏழாவது போத்தலில் நாளை எழுதினார்.