அறுபது நாளும் ஒரு மைலோ டின்னும்

சட்டம் படிக்கும் பிள்ளையிடம் பயிற்சிக்கு எங்கே போகிறாய் என்று கேட்டால், கெடாவிலும் பதில் ஒன்றுதான்: கோலாலம்பூர். இத்தனைக்கும் கெடாவின் சிந்தோக்கிலேயே வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-இல் தொடங்கியது, சட்டத்துறையும் உண்டு. பொதுவாகவே சட்டத்துறைகள் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களோடும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடும் ஒப்பந்தம் போடும் காலம் இது. அந்த ஒப்பந்தங்களைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். என் கவலையோ அறுபது நாளைப் பற்றியது.

வேலையை விட்டு அநியாயமாக நிறுத்தப்பட்டால், 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி அறுபது நாளுக்குள் முறையிட வேண்டும். மேனேஜர் மனம் மாறுவார், தலைவர் பேசிப் பார்ப்பார், தீபாவளி கழியட்டும் என்று காத்திருந்தால் போச்சு. அறுபத்தோராம் நாள் போய் அழுதாலும் மனுவை எடுக்க மாட்டார்கள்.

பாடாங் செராய் பக்கம் ஒரு தாமானில், முப்பது வருஷத்துக்குமேல் பால் மரம் வெட்டிய அம்மா ஒருவர் மைலோ டின்னைத் திறந்து காட்டினார். சம்பளச் சீட்டுகள், இ.பி.எப். கடிதம், மகளின் கல்யாணப் பத்திரிகை, நடுவில் தோட்டம் கைமாறியபோது ஆபீசில் கொடுத்த மலாய்க் கடிதம். அந்தக் கடிதம் மடிப்பு கலையாமல் இருந்தது. “கிராணி கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன் ஐயா” என்றார்.

அந்தக் காகிதம் அற்பமானதல்ல. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்து வருஷத்துக்குமேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம். இருபத்தைந்து வருஷம் என்றால் ஐந்நூறு நாள் சம்பளம். தோட்டம் விற்கப்பட்டால், புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் பழையவர், புதியவர் இருவருமே பணத்துக்குப் பொறுப்பு. எந்தத் தேதியில் எதில் கையெழுத்துப் போட்டார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கேதான் மாணவர்கள் வேண்டும். தொழிலாளர் இலாகாவில் சம்பள வழக்குப் போட வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பாரத்தை மலாயில் நிரப்ப வேண்டும், சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும், அம்மா தமிழில் சொல்வதைக் கேட்டு எது சட்டத்துக்குள் வரும் என்று பிரிக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு மாணவர், பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் போதும். வழக்கறிஞர் இல்லாமல் முடியாது. தகுதி பெறாதவர் வக்கீல் வேலை செய்வதைச் சட்டமே தடுக்கிறது.

பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்றால்தான் பிறகு வேலை கிடைக்கும் என்கிறார்கள். இருக்கலாம். பி.டி.பி.டி.என். கல்விக் கடனைக் கட்டப்போவது அந்தப் பிள்ளைதான்.

ஆனாலும் ஆய்வுக் கூட்டு ஒப்பந்தம் என்று போடுகிறார்களே, அதில் ஒன்றாவது கூலிமிலிருந்து பாலிங் வரை உள்ள தோட்டங்களில் அறுபது நாளைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டுமே. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களில் லயத்துக்காரர்கள் எந்தக் காகிதத்தோடு வெளியேறினார்கள் என்று கேட்கட்டும். கேட்க வேண்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. டின்களைப் பிள்ளைகள் வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

சிந்தோக்கிலிருந்து இந்தத் தோட்டங்களுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை பட்டாணி நூறு கிலோமீட்டர் அளவு தூரம். அடுத்த ஒப்பந்தத்தில் வேனுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு வரி, மண்டபத்தில் உட்கார்ந்த மணி நேரத்துக்குப் பயிற்சி மதிப்பெண் என்று இன்னொரு வரி சேர்த்தால், வரத் தயாராக இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.