டிக்கெட் இல்லை, ஸ்பான்சர் இல்லை: பண்ருட்டிப் பக்கம் ஊரே சேர்ந்து நடத்தும் 18 நாள் பாரதம்

பண்ருட்டி என்றதும் பலாவும் முந்திரியும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பலா சந்தையில் குவியும் அதே மாதங்களில் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் இன்னொரு சீசனும் களைகட்டும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. சுருக்கமா சொன்னா, 'பாரதம்'.

அது என்ன 18 நாள்?

பாரதப் போர் 18 நாள் என்பதால் விழாவும் பெரும்பாலும் 18 நாள். சில ஊர்களில் 10 நாளிலேயே முடித்துவிடுவார்கள். கொடியேற்றி, காப்புக் கட்டியதும் தொடங்கிவிடும். மதியத்தில் பாரதப் பிரசங்கி மேடையேறி கதை சொல்வார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தெருக்கூத்து, விடியும்வரை. பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்க்கலாம். துகிலுரிதல், அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கூத்து. தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், காலில் சலங்கை, பின்னால் முகவீணையும் ஆர்மோனியமும். நடுநடுவே கட்டியக்காரன் வந்து உள்ளூர் அரசியலையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார். தூக்கம் கலைவது அங்கேதான்.

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான கம்பம் நடுவார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி எலுமிச்சையும் பூவும் வீசுவார். குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். விராட பர்வம் நடத்தினால் மழை வரும் என்ற நம்பிக்கையும் உண்டு.

செலவுக்கு யார் கொடுப்பது?

ஊர்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். கூத்து ஜமாவுக்கும் பிரசங்கிக்கும் சம்பளம் உண்டு. பந்தல், சமையல், தண்ணீர், தீமிதிக்கு விறகு என்று மற்றதெல்லாம் ஊர்க்காரர்களின் கையுழைப்பு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் வரி உண்டு. லீவு போட்டு வந்து பந்தலில் நிற்பதும் உண்டு. ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்ற பெயரே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை இது.

இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டியபோது விழாவும் கூடவே போனது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-ல் எழுந்த மாரியம்மன் கோயில், நாகப்பட்டினம், கடலூர் பகுதிகளிலிருந்து போனவர்களின் கோயில். அங்கே இன்றும் தீபாவளிக்கு முன்பு தீமிதி நடக்கிறது. இலங்கையில் உடப்பிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி உண்டு.

அப்போ 'ஊர்' என்றால் யார்?

இங்கேதான் சிக்கல். வரி யாரிடம் வாங்குவது என்பதில், யாரை ஊராக மதிப்பது என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்கவில்லை. ஜூன் மாதம் வருவாய்த் துறை கோயிலுக்கு சீல் வைத்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபை நடுவே அவமானப்பட்டு நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் கோயிலில் இது நடந்தது என்பதை எப்படிச் சொன்னாலும் சமாதானம் ஆகாது.

எல்லா ஊரும் மேல்பாதி இல்லை. ஆனால் "எங்க ஊர்ல எல்லாரும் சேர்ந்து நடத்துறோம்" என்று யாராவது சொன்னால், அந்த 'எல்லாரும்' யார் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

நேரில் பார்க்கணுமா?

வெப்சைட் தேட வேண்டாம். சித்திரையிலிருந்து ஆடி வரை பேருந்து நிறுத்தச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பாய் ஒன்று எடுத்துப் போங்கள். ஒரே நாள்தான் முடியும் என்றால் படுகளத்துக்குப் போங்கள். திறந்தவெளியில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைப் பிரம்மாண்டமாகச் செய்து வண்ணம் பூசியிருப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடிய வீமனும் துரியோதனனும் காலையில் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். வீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்த செந்நீர் பீறிடும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

மறக்காம காலையிலேயே போயிடுங்க. லேட்டானால் துரியோதனன் இருக்க மாட்டான். மிதிபட்ட மண்தான் கிடக்கும், அதிலும் ஆளுக்கொரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.