முனைவர் பட்டத்துக்குக் கடன் வேண்டாம்

சென்ற வாரம் முதுநிலைப் படிப்புக்கான கல்விக் கடனைப் பார்த்தோம். இந்த வாரம் பிஎச்.டி. பொறியியலில், அதுவும் பேட்டரி, சூரிய மின்சாரம், ஹைட்ரஜன் போன்ற துறைகளில், முனைவர் பட்டத்துக்காக யாரும் வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி மாணவர் ஆய்வகத்தில் உழைக்கிறார். அந்த உழைப்புக்குப் பணம் கேட்பது அவருடைய உரிமை.

முதலில் நம் ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது காரைக்குடி ‘சிக்ரி’ எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. லித்தியம், சோடியம் பேட்டரிகளிலும், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதிலும் அங்கே ஆய்வு நடக்கிறது. மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2018-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000-ல் தொடங்கி 80,000 வரை போகும்.

ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்கள்தான்: ஒப்பந்தம், மாதச் சம்பளம் இரண்டும் உண்டு. ஆய்வாளர்களுக்கு நிதி தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்துக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். பணியில் சேரும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. கடன் வாங்கி ஜெர்மனியில் இரண்டு ஆண்டு முதுநிலை படித்தவர், முடித்த கையோடு அங்கேயே இந்தத் திட்டத்தில் சேர முடியாது. டென்மார்க்கிலோ ஸ்பெயினிலோ சேரலாம். காரைக்குடியிலிருந்து நேராகப் போகிறவருக்கு இந்தத் தடையே இல்லை.

விளம்பரத்தில் ‘முழு நிதியுதவி’ என்று இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமா, வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்தா? எத்தனை ஆண்டுக்கு? திட்டப் பணம் தீர்ந்த பிறகும் ஆய்வு முடியாவிட்டால் யார் கொடுப்பார்கள்?

பேராசிரியருக்கு எழுதும் கடிதமும் முக்கியம். ‘தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவல்’ என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பிப் பயனில்லை. ‘உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில், சோடியம் செல்லின் திறன் ஐந்நூறு சுற்றுக்குப் பிறகு சட்டென்று சரிகிறது. எதிர்மின்வாய் விரிசல் விடுவதுதான் காரணமா என்று சோதிக்க விரும்புகிறேன்’ என்று எழுதிப் பாருங்கள். சாதாரணக் கல்லூரியில் படித்தவர் என்றாலும், கட்டுரையைப் படித்தவர் என்று அந்த வரி சொல்லிவிடும்.

கிராமத்துப் பொறியியல் பட்டதாரிகள் பலர் இந்த வழி இருப்பது தெரியாமலேயே கிடைத்த வேலையில் ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?)