காளையைக் காணோம்!

வெனிஸ் நகரத்தில் தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாய்க்கால் ஓரமெல்லாம் அரண்மனை, அரண்மனைக்குள் ஓவியம் என்று அடுக்குகிறார்கள். வாய்க்காலுக்கு எங்கள் நெடுங்காட்டிலும் பஞ்சமில்லை. அரண்மனைக்குத்தான் கும்பகோணம் போய், பஸ் மாறித் தஞ்சாவூர் போகவேண்டும்!

நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் நீட்டிய அரண்மனை. தர்பார் மண்டபம், சரபோஜியின் சரஸ்வதி மகால் எல்லாம் உண்டு. கூட வரும் பொடிசுகளுக்கு இதெல்லாம் ரெண்டாம்பட்சம். 1955-ல் எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறதே... 92 அடி! ராஜா வீட்டில் குடியேற நம் ஊர்க் கடலிலிருந்து ஆள் போயிருக்கிறது.

எனக்குக் கலைக்கூடம்தான். 1951-ல் கலெக்டர் டி.கே.பழனியப்பன் முயற்சியில் உருவானது. தாராசுரத்துக் கல் சிற்பங்களைத் தாண்டிப் போனால், திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர். ராஜராஜன் காலம், 1011. பாம்பு சுற்றிய தலைப்பாகை, மாற்றிப் போட்ட கால். பக்கத்தில் மறுவருஷம் செய்த தேவி. அவர் கையை ஊன்றியிருக்கும் காளையை மட்டும் காணோம். அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு, 'அதனாலென்ன?' என்பதுபோல் நிற்கிறார். என்ன ஒரு அலட்சியம்!

ஒரு பாட்டி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாட்டி, கற்பூரமெல்லாம் ஏத்தக்கூடாது" என்றார் காவலர்.

"தீப்பெட்டியே கொண்டாரலைப்பா. கும்பிடலாமுல்ல?"

"அது... கும்பிட்டுக்குங்க."

"மாடு எங்கப்பா?"

"கிடைக்கல பாட்டி."

பாவம், பாட்டிக்கு முகமே வாடிவிட்டது. சாமிக்கு அபிஷேகம் இல்லை, நைவேத்தியம் இல்லை, வாகனமும் இல்லை. கோயிலிலேயே வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றும். ஆனால் அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் கோயிலில்தானே வைத்திருந்தோம்? பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து கிளம்பியவர், 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய மியூசியத்தில் விலைபோனார். திரும்பி வந்தது 2014-ல்.

வெனிஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே செயின்ட் மார்க் தேவாலயத்தின் நான்கு வெண்கலக் குதிரைகள், 1204-ல் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்த திருட்டுச் சொத்து! 1797-ல் நெப்போலியன் அவற்றைப் பாரீசுக்கு ஓட்டிப் போக, 1815-ல் திரும்பின. இப்போது அசல் உள்ளே பத்திரமாக, முகப்பில் நகல். குதிரைக்குச் சரி, சாமிக்கு நகல் வைத்தால் பாட்டி ஒப்புக்கொள்வாரா?

தஞ்சாவூராவது பஸ் தூரம். எங்கள் காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத் திருமேனி ஒன்று கன்சாஸ் சிட்டியில், இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில். எலும்பும் தோலுமாகத் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட், விசா எடுத்துக்கொண்டு போனால் தரிசனம் உண்டு. ஆனி பௌர்ணமிக்கு இங்கே மாங்கனி இறைக்கிற மாதிரி, அங்கே யாரும் மாம்பழம் வீசப்போவதில்லை!