நஞ்சுண்டாரும் குருதிச் சோதனையும்

திருவரங்கத்துச் சாத்தார வீதியின் பூக்கடைகளைக் கண்டவர் அரளியை அறியாதிரார். செவ்வரளி அங்கே கூடை கூடையாய்க் குவிந்து கிடக்கும். அதன் இனமாகிய பொன்னரளியோ தோட்ட வேலிகளில் யாரும் பேணாமலே பூத்து நிற்பது. கண்ணுக்கினிய இவ்விரண்டும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சுடையன.

இந்நஞ்சுண்டாருட் பலர் மருத்துவமனைக்கு நடந்தே வருவர். வினாவினால் விடையும் பகர்வர். அவருட் பெரும்பாலார் பிழைத்து வீடு திரும்ப, ஒருசிலர் மட்டும் திடீரென இறந்துபடுகின்றனர். அவ்வொருசிலர் யாவர் என்பதை முன்னரே அறிவது எங்ஙனம்? முகத்தைப் பார்த்து அறிதல் அரிது. குருதியை வினவுதல் வேண்டும்.

நம் உயிரணுக்களின் சவ்வுகளில், சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்பொறிகள் உண்டு. அரளி நஞ்சு அப்பொறிகளைப் பூட்டிவிடுகின்றது. உட்புகவேண்டிய பொட்டாசியம் குருதியிலே தேங்குகின்றது. வைகுண்ட ஏகாதசியன்று வெளியே பெருகும் கூட்டத்தைக் கொண்டே பரமபதவாசல் இன்னும் திறக்கவில்லை என்பதைத் தொலைவில் நிற்பாரும் உணர்வரன்றோ? அதுபோலப் பொட்டாசியத்தின் பெருக்கம், பூட்டப்பட்ட பொறிகளின் மிகுதியைக் காட்டும்.

பாரிசு நகர மருத்துவர், இவ்வினத்து மருந்தாகிய டிஜிடாக்ஸினை அளவின்றி உண்ட 91 பேரை ஆராய்ந்து 1973-இல் தம் முடிபை வெளியிட்டனர். பொட்டாசியம் லிட்டருக்கு 5 மில்லி ஈக்விவலெண்டுக்குக் குறைந்திருந்தோருள் ஒருவரும் இறக்கவில்லை; 5.5-க்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அரை எண்ணின் இடைவெளியில் வாழ்வும் சாவும்! இதனைப் படித்தபோது நாம் சிறிதுநேரம் ஏட்டை மூடிவைத்தோம். பொட்டாசியத்தை மட்டும் குறைத்ததனாலும் அவர்கள் உய்ந்திலர். அது நோயின் அடையாளமேயன்றி நோயன்று.

பொன்னரளியால் மிக வருந்திய இலங்கையில், ஆட்டின் குருதியினின்று எடுத்த எதிர்நஞ்சு ஆராயப்பெற்று, 2000-இல் அதன் பயன் உலகறிய வெளியாயிற்று. மருந்து ஏறியதும் இதயத் துடிப்புச் சீர்ப்பட்டது, பொட்டாசியமும் விரைந்திறங்கிற்று. ஆயின் அது பெருவிலையது. 2002-இல் அங்கே அது கிடையாதொழிய, இறப்பு மீண்டும் மிகுந்தது. அருமருந்தை யாருக்கு முதலில் ஈவது என்னும் வினாவில் சோதனைக் குழாயின் மதிப்பு விளங்கும்.

எல்லா நஞ்சுக்கும் இதுவே உரைகல் ஆகாது. கொள்ளிடக் கரை வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட் வகையை உண்டார்க்குக் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை அளப்பர். அது தாழ்ந்திருப்பின் நஞ்சு புகுந்தது தெளிவு. எனினும் மருந்துக்கு மருந்து அத்தாழ்வின் பொருள் வேறுபடும். ஒரே எண்ணில் ஒருவர் எழுந்து உட்காருவர், மற்றொருவர் மூச்சுக்குத் தவிப்பர். ஆதலின் மருத்துவர் அவ்வெண் வரும்வரை காத்திராமல், வியர்வையும் நாடியும் மூச்சும் நோக்கி உடனே அட்ரோபீனைத் தொடங்குவர்.

புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ வேறெங்கோ இத்தகையோரைக் கொண்டுசெல்வார், அருகிற் கிடந்த புட்டியையோ தழையையோ உடன் எடுத்துச் செல்க. உண்டது இன்னதென்று தெரியாவிடின், ஆய்வுக்கூடத்தார் எதனைத் தேடுவர்?