பெட்ரோலில் ஓடிய சலவை எந்திரம்! குப்பைக்குப் போன குட்டி என்ஜினுக்கு மறு உயிர்

காலால் ஓர் உதை. "டுப்... டுப்..." நின்றுவிட்டது. இன்னோர் உதை. "டுப்டுப்டுப்டுப்..." ஓடத் தொடங்கிவிட்டது!

மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். இது துணி துவைக்கும் எந்திரம்.

ஒயர் கிடையாது. சுவிட்சு கிடையாது. பெட்ரோல் ஊற்றினால் ஓடும். கரண்டு எட்டிப்பார்க்காத அமெரிக்கக் கிராமங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதுதான் பெண்களுக்குக் கை கொடுத்தது.

கரண்டு வந்தது. எந்திரம் மூலைக்குப் போனது. ஆனால் அதன் அடியில் இருந்த குட்டி என்ஜின் மட்டும் சாகவில்லை. இன்றும் அதைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, ஓட வைக்கிறார்கள்.

அந்த விவரம் வருமாறு:-

திங்கட்கிழமை தொல்லை

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் திங்கட்கிழமை என்றாலே சலவை நாள். கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். விறகு அடுப்பில் கொதிக்க வைக்க வேண்டும். மேடுபள்ளமான தகரப் பலகையில் துணியைத் தேய்க்க வேண்டும். விவசாயி வீட்டு அழுக்கு லேசில் போகுமா? பொழுது சாயும்போது இடுப்பு ஒடிந்துபோகும்.

நகரத்துப் பெண்களுக்குக் கரண்டு எந்திரம் வந்துவிட்டது. கிராமத்துப் பெண்களுக்கு? 1930-களின் நடுவில்கூட, அமெரிக்காவில் 100 பண்ணை வீடுகளில் சுமார் 10 வீட்டுக்குத்தான் மின்சாரம் இருந்தது!

வழி கண்ட மெக்கானிக்

அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1893-ல் பிரெடரிக் லூயிஸ் மேடேக் என்பவர் கூட்டாளிகளோடு ஒரு தொழில் தொடங்கினார். கதிர் அடிக்கும் எந்திரங்களுக்கு உறுப்புகள் செய்வது வேலை.

அறுவடை முடிந்தால் அந்தத் தொழில் படுத்துவிடும். சும்மா இருக்கும் மாதங்களுக்கு ஏதாவது வேண்டுமே! 1907-ல் கையால் சுற்றும் சலவை எந்திரம் செய்தார்கள்.

அங்கே இருந்த ஹோவர்டு ஸ்னைடர் என்ற மெக்கானிக் ஒரு படி மேலே போனார். "கரண்டு இல்லாவிட்டால் என்ன? எந்திரத்துக்கு அடியிலேயே ஒரு பெட்ரோல் என்ஜினை வைத்துவிட்டால் போச்சு!" என்பது அவர் போட்ட கணக்கு. முதல் உலகப்போர் காலத்தில் அந்த என்ஜின் விற்பனைக்கு வந்தது. பெயர் 'மல்டி மோட்டார்'.

1927-ல் '92' என்ற ஒற்றை சிலிண்டர் என்ஜின் வந்தது. 1937-ல் '72' என்ற இரட்டை சிலிண்டர் என்ஜின் வந்தது. இரண்டுமே ஒரு குதிரை சக்தியைத் தொடாதவை. ஆனால் ஒரு தொட்டித் துணியைப் புரட்ட அது போதாதா?

இது 'டூ ஸ்ட்ரோக்' ரகம். லூனா, டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பாட்டரி தேவை இல்லை. சுற்றும் சக்கரத்தில் இருக்கும் காந்தமே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும்.

சலவை முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை. அதே எந்திரத்தில் மாட்டிக்கொள்ள, இறைச்சி அரைக்கும் கருவியையும் வெண்ணெய் கடையும் கருவியையும் கம்பெனியே விற்றது!

ஜன்னல் வழியே விஷம்

வசதி இருந்தது. ஆபத்தும் இருந்தது.

என்ஜின் ஓடுவது வீட்டுக்குள்ளே. புகை எங்கே போகும்? வளையும் இரும்புக் குழாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ வெளியே நீட்டிவிட வேண்டும்.

குழாயில் ஓட்டை விழுந்தால் தீர்ந்தது. அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம்!

அம்மாவின் கஷ்டத்தைக் குறைக்க வந்த எந்திரம், அவள் உயிருக்கே உலை வைக்கக் கூடியதாகவும் இருந்தது.

அம்மாவுக்குக் கரண்டு, பையனுக்கு என்ஜின்

1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோக ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தினார். கம்பிகள் ஊர் ஊராகப் போயின. 1950-களின் நடுவில், 100 பண்ணைகளில் 90-க்கு மேல் விளக்கு எரிந்தது.

பெட்ரோல் எந்திரம் கொட்டகைக்குப் போனது. அம்மாவுக்குக் கவலை இல்லை. ஆனால் வீட்டுப் பையன் விடுவானா? ஸ்பானரோடு வந்துவிட்டான்!

சைக்கிளில் கட்டினான். பலகையில் நாலு சக்கரம் வைத்துக் கார் ஆக்கினான். தண்ணீர் இறைக்கும் பம்பு, சாணைக்கல், சின்னப் படகு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பல பேருக்கு வாழ்க்கையில் கழற்றி மாட்டிய முதல் என்ஜின் இதுதான்.

கம்பெனியும் சளைக்கவில்லை. 1930-களில் இதே என்ஜினை வைத்து, குழந்தைகள் ஓட்டும் குட்டி ரேஸ் காரைச் செய்தது!

உயிர் கொடுப்பது எப்படி?

பல ஆண்டு கிடந்த என்ஜின் ஓர் உதைக்கு ஓடிவிடாது. பழுது பார்ப்பவர்கள் செய்வது இதுதான்:-

முதல் வேலை பிஸ்டன். துருவேறி இறுகியிருக்கும். சுத்தியலை எடுத்தால் காரியம் கெட்டுவிடும். வார்ப்பு இரும்பு உடைந்துபோகும். பிளக்கைக் கழற்றி, துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இங்கே பொறுமைதான் பெரிய கருவி.

அடுத்தது தீப்பொறி. காந்தச் சக்கரத்தைப் பக்குவமாகக் கழற்றி, 'பாயின்ட்'டைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். 'கன்டென்சர்' கெட்டிருந்தால் புதிது. காயில் போயிருந்தால் மறுபடி சுற்ற வேண்டும்.

பிறகு பெட்ரோல் டாங்க். '92' என்ஜின் உட்கார்ந்திருக்கும் பீடமே டாங்க்தான். அடியில் பழைய பெட்ரோல் பிசின்போல் ஒட்டியிருக்கும். சுரண்டி எடுக்காவிட்டால் பெட்ரோல் ஏறாது.

கடைசியாக, 'கிராங்க்' அறையில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் எத்தனை உதைத்தாலும் பயன் இல்லை.

எல்லாம் சரியானபின், திறந்த வெளியில் வைத்துத்தான் உதைக்க வேண்டும். பழைய விஷப்புகை இன்றும் அதே விஷப்புகைதானே!

என்ஜின் இருக்குது, தொட்டி எங்கே?

அயோவாவில் மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில், 1950-ல் இருந்து பழைய எந்திரங்களுக்கு ஒரு திருவிழா நடக்கிறது. இதுபோன்ற திருவிழாக்களில், இந்தக் குட்டி என்ஜின்கள் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு பம்பு சுற்றும். பார்க்கக் கூட்டம் நிற்கும்.

ஆனால் ஒரு குறை. என்ஜின்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. முழு சலவை எந்திரம் அபூர்வம்! காரணம், பையன்கள் என்ஜினை உருவிக்கொண்டார்கள். அலுமினியத் தொட்டியும், துணி பிழியும் உருளையும் பழைய சாமான் விலைக்குப் போய்விட்டன. இதை வைத்து எத்தனையோ பெண்கள் எப்படி மாரடித்தார்கள் என்பதற்கான சாட்சியே அந்தத் தொட்டிதான்.

மேடேக் கம்பெனியை 2006-ல் வேறொரு பெரிய நிறுவனம் வாங்கியது. 2007-ல் நியூட்டன் ஆலை மூடப்பட்டது. இனி புதுத் தொட்டிக்கு எங்கே போவது?

அதனால் சிலர் இப்போது தலைகீழாகத் தேடுகிறார்கள். என்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய கொட்டகைகளில் தொட்டிக்காக அலைகிறார்கள். கிடைத்தால் கழுவி, கால் பொருத்தி, என்ஜினை அதன் பழைய இடத்திலேயே மாட்டுகிறார்கள்.

அம்மாவின் எந்திரத்தை மகன் வண்டியாக்கினான். பேரன் அதைத் திரும்பப் பாட்டியின் தொட்டிக்கே கொண்டுவந்து சேர்க்கிறான்.

காலால் ஓர் உதை. "டுப்டுப்டுப்..." தொட்டியில் தண்ணீர் மறுபடி சுழல்கிறது!